உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் மாதச் சொற்பொழிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூர் வரலாற்றுச் சங்கங்கள் மாதத்துக்கு ஒரு முறை நடத்தும் சொற்பொழிவுக் கூட்டங்களுக்கு முதன்முதலாக வர நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான கேள்விகளையே கேட்கிறார்கள். பல ஆண்டுகளாக இக்கூட்டங்களுக்குச் சென்று வருபவன் என்ற முறையிலும், இடையில் சில காலம் அவற்றை ஒழுங்கு செய்யும் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையிலும், அக்கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் வரலாறு படித்தவன் அல்லன். கூட்டத்துக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். இக்கூட்டங்களில் உட்கார்ந்திருப்பவர்களில் வரலாற்றை முறையாகக் கல்லூரியில் படித்தவர்கள் சிலரே. மற்றவர்கள் வேறு தொழில்களில் இருந்துகொண்டோ ஓய்வு பெற்றோ வருபவர்கள். அவர்கள் வெறுமனே கேட்டுவிட்டுப் போவதற்காக வருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அவரவர் தொழிலறிவு எப்போது பயன்படும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

ஒரு கூட்டத்தில் பழைய தெருவொன்றின் புகைப்படத்தைத் திரையில் காட்டி, இடப்பக்கம் தெரியும் மாடிக் கட்டடம் இன்னது என்று பேச்சாளர் விளக்கிக்கொண்டிருந்தார். தையற்காரராக வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒரு முதியவர் மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து, படத்தில் நிற்கும் ஆண்கள் எல்லாருடைய சட்டைப் பையும் வலப்பக்கம் இருக்கிறதே, பொத்தான் பட்டியும் மாறியிருக்கிறதே என்று கேட்டார். உற்றுப் பார்த்தபோது அது உண்மைதான். கண்ணாடித் தகட்டிலிருந்து படத்தை அச்சிட்டவர் தகட்டைத் திருப்பி வைத்துவிட்டிருந்தார். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருந்ததால், பேச்சாளர் இனங்கண்ட கட்டடமும் தவறாகிப் போனது. அன்று அவையில் இருந்த ஆய்வாளர்கள் யாருக்கும் தெரியாத ஒன்றை அந்த ஒருவர் கண்டார். பேச்சாளர் உரையை நிறுத்திவிட்டு, அந்தப் பெரியவரைத் திரைக்கு அருகே அழைத்து மேலும் என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டார். எனக்கு இன்றும் நினைவில் நிற்கும் கூட்டம் அதுதான்.

இப்படிச் சங்கம் வைத்துக் கூடிப் பேசும் முறை எப்போது தோன்றியது?

பழம்பொருள்களிலும் பழைய ஆவணங்களிலும் ஈடுபாடு கொண்டவர்கள் முறையாகக் கூடிப் பேசும் வழக்கம் மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டியது. இலண்டனில் தொல்பொருள் ஆர்வலர் சங்கம் 1707இல் ஒரு விடுதியில் கூடிய சிலரால் தொடங்கப்பட்டது. கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் 1784 ஜனவரியில் ஆசியவியல் கழகத்தைத் தொடங்கினார். உறுப்பினர் ஒருவர் கட்டுரை வாசிப்பதும், மற்றவர்கள் கேட்டு விவாதிப்பதும், பின்னர் அது அச்சேறுவதும் அக்காலத்திலேயே நிலைபெற்ற நடைமுறை. இன்றைய மாதச் சொற்பொழிவு அதன் எளிய வடிவம்.

ஒரு கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

வரவேற்பும் அறிமுகமும் சில நிமிடங்கள். பிறகு உரை, பெரும்பாலும் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை. அதன்பின் கேள்வி நேரம், நன்றியுரை, அடுத்த கூட்டத்தின் அறிவிப்பு. இவ்வளவுதான் நிகழ்ச்சி நிரல். ஆனால் நிகழ்ச்சி நிரலில் இல்லாத அரை மணி நேரம் ஒன்று உண்டு. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது பேச்சாளரைச் சூழ்ந்து நிற்பவர்கள் பேசிக்கொள்வதில்தான், மேடையில் சொல்லத் தயங்கிய ஐயங்களும், எந்த ஆவணம் எங்கே கிடைத்தது என்ற செய்தியும், யாரைப் போய்ப் பார்த்தால் மேலும் தெரியும் என்ற வழிகாட்டுதலும் வெளிவரும். முதல்முறை வருபவர்கள் நன்றியுரை முடிந்ததும் கிளம்பிவிடாமல் சற்று நேரம் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளூர் வரலாறு என்றால் சிறிய செய்திகள் மட்டும்தானே? அரசர்கள், போர்கள் போன்ற பெரிய வரலாற்றை விட்டுவிட்டு இதை ஏன் கேட்க வேண்டும்?

பெரிய வரலாறு எனப்படுவது எங்கோ ஓர் ஊரில் கிடைத்த சான்றின்மேல்தான் நிற்கிறது. உத்தரமேரூர்க் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அவை ஒரே ஓர் ஊரின் சபை தனக்காக வகுத்துக்கொண்ட விதிகள். ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு வாரியம் எனப்பட்ட குழுக்களின் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் முறை, நிற்பவரின் வயது 35க்கு மேலும் 70க்கு உட்பட்டும் இருக்க வேண்டும் என்ற வரம்பு, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்ற தடை ஆகியவற்றை அவற்றில் படிக்கலாம். எழுதியவர்கள் தங்கள் ஊர்க் காரியத்தைத்தான் எழுதினார்கள். இன்று தென்னிந்திய ஊராட்சி பற்றி எழுதுகிற எவரும் அதைத் தொடாமல் போக முடிவதில்லை.

பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூசு பூட் கண்டெடுத்த கற்கருவியும் அப்படிப்பட்டதே. சரளைமண்ணில் கிடந்த ஒரு கல்லைக் குனிந்து எடுத்துப் பார்த்ததிலிருந்துதான் இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆய்வு தொடங்கியது. ஆகவே ஒரு குளத்தின் மதகைப் பற்றியோ, ஒரு தெருவின் பெயரைப் பற்றியோ ஒரு மணி நேரம் பேசப் போகிறார்கள் என்று அழைப்பிதழில் கண்டால் அதைத் தள்ளிவிடாதீர்கள். நான் கேட்டவற்றுள் சிறந்த உரைகள் பலவும் அத்தகைய குறுகிய பொருளை எடுத்துக்கொண்டவையே. இரண்டாயிரம் ஆண்டுகளை ஒரே மாலையில் சொல்லி முடிக்க முனையும் உரையில் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம்.

வருவதற்கு முன் ஏதாவது படித்துவிட்டு வர வேண்டுமா?

கட்டாயம் இல்லை. அழைப்பிதழில் உள்ள தலைப்பைக் கவனித்து, அந்த இடத்தின் நிலப்படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் போதும். ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது, கோட்டை எங்கே, பழைய சாலை எது என்று மனத்தில் பதிந்திருந்தால், பேச்சாளர் பெயர்களை வேகமாக அடுக்கும்போது தடுமாற மாட்டீர்கள்.

சக ஆண்டு, கொல்லம் ஆண்டு, ஆட்சியாண்டு என்றெல்லாம் சொல்கிறார்கள். தலை சுற்றுகிறது. எப்படிப் புரிந்துகொள்வது?

புதிதாக வருபவர்கள் பலர் மனம் தளரும் இடம் இது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825ஐக் கூட்ட வேண்டும். ஆண்டு நடுவில் தொடங்குவதால், எந்த மாதம் என்பதைப் பொறுத்து ஒன்று கூடும் அல்லது குறையும். கலியுகம் கிறித்துவுக்கு முன் 3102இல் தொடங்கியதாகக் கணக்கிடப்படுவதால் கலி ஆண்டிலிருந்து 3101ஐக் கழிக்க வேண்டும். இவை மூன்றும் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும் எண்கள் என்பதால் ஒரு கூட்டல் கழித்தலோடு வேலை முடிந்துவிடும்.

ஆட்சியாண்டு அப்படியன்று. இன்ன அரசனுக்கு யாண்டு இத்தனையாவது என்று மட்டும் கல்வெட்டு சொல்லும். அவன் எப்போது பட்டமேறினான் என்பது வேறு சான்றிலிருந்து தெரிய வேண்டும். முதலாம் இராசராசன் 985இல் பட்டமேறினான் என்று தெரிந்திருப்பதால், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் செப்புக்குடம் அவனுடைய 25ஆம் ஆண்டின் 275ஆம் நாளில் அளிக்கப்பட்டது என்ற செய்தியை 1010ஆம் ஆண்டாகக் கொள்கிறோம். ஆனால் சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிப் பூண்டவர்கள். கல்வெட்டில் இயற்பெயர் இல்லாமல் கோப்பரகேசரி என்று மட்டும் இருந்தால் அது பல அரசர்களுள் எவனுக்கும் உரியதாக இருக்கலாம். அப்போது எழுத்தமைதி, உடன் வரும் அதிகாரிகளின் பெயர்கள், வானியல் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டுதான் முடிவுக்கு வர இயலும். பேச்சாளர் அத்தகைய கல்வெட்டுக்குத் தயங்காமல் ஓர் ஆண்டைச் சொன்னால், எதைக் கொண்டு அந்த ஆண்டு என்று கேட்பது முறையான கேள்வி.

அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டிலுள்ள பழைய கடிதத்தில் குரோதி ஆண்டு என்று மட்டும் இருந்தால் அது 1904ஆகவும் இருக்கலாம், 1964ஆகவும் இருக்கலாம். தாளும் மையும் கையெழுத்தும் அதில் வரும் ஆட்களும்தான் எந்தச் சுற்று என்று சொல்ல வேண்டும்.

ஐரோப்பியர் ஆவணங்களில் நாள்கள் தெளிவாக இருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. 1746இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள்தான். பிரான்சு 1582லேயே கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டது; பிரிட்டன் 1752 வரை பழைய நாள்காட்டியிலேயே இருந்தது. அதே ஆண்டு தமிழ்க் கணக்கில் அட்சய. புதுச்சேரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பையும் சென்னையிலிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் இந்தப் பதினொரு நாளை மறந்தால், விளைவு காரணத்துக்கு முன்னால் வந்து நிற்கும். போதாக்குறைக்கு, 1752க்கு முன் ஆங்கிலேயரின் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. அதனால் அவர்களுடைய பழைய ஆவணத்தில் பிப்ரவரி 1700 என்று இருப்பது நம் கணக்கில் 1701 பிப்ரவரியாக இருக்கக் கூடும்.

இவற்றை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டால் நான்கைந்து கூட்டங்களில் பழகிவிடும்.

மா, வேலி, கழஞ்சு போன்ற அளவைகளுக்கும் அப்படியொரு பட்டியல் உண்டா?

உண்டு. நில அளவில் 20 மா ஒரு வேலி. பொன் எடையில் 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஆனால் நில அளவையில் ஓர் எச்சரிக்கை தேவை. அளந்த கோலின் நீளம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. அதனால்தான் கல்வெட்டுகள் பதினாறு சாண் கோல் என்பது போல எந்தக் கோலால் அளந்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்கின்றன. அப்படியிருக்க, பழைய வேலியை நேரே இன்றைய ஏக்கராக மாற்றிச் சொல்லும் எண்ணை ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேச்சாளர் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

கூட்டத்துக்கு வருபவர்கள் வளர்த்துக்கொள்ள வேண்டிய பழக்கங்களுள் முதன்மையானதாக நான் கருதுவது வினைமுற்றைக் கவனிப்பது. ஒரே உரையில் மூன்று வகைக் கூற்றுகள் கலந்து வரும். ஆவணத்தில் உள்ளதைச் சொல்லும்போது பேச்சாளர் ‘இருந்தது’ என்பார். ஆவணத்திலிருந்து தாம் ஊகித்ததைச் சொல்லும்போது ‘இருந்திருக்க வேண்டும்’, ‘இருந்திருக்கலாம்’ என்பார். ஊரார் வழிவழியாகச் சொல்லி வருவதைச் சொல்லும்போது ‘என்பர்’, ‘என்று சொல்லப்படுகிறது’ என்பார். பொறுப்புள்ள பேச்சாளர் இந்த வேறுபாட்டைக் கடைசிவரை காப்பாற்றுவார். கேட்பவர்தாம் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். வேகமாகக் குறிப்பெடுக்கும் கை வினைமுற்றைத்தான் முதலில் விட்டுவிடுகிறது. ‘இங்கே சத்திரம் இருந்திருக்கலாம்’ என்று பேச்சாளர் சொன்னது, குறிப்பேட்டில் ‘சத்திரம் இங்கே’ என்று ஆகி, அடுத்த வாரம் நண்பரிடம் சொல்லும்போது ‘இங்கே ஒரு சத்திரம் இருந்தது’ என்று நிலைபெற்றுவிடுகிறது. ஆதாரமற்ற செய்திகள் பலவற்றையும் யாரும் வேண்டுமென்று பரப்புவதில்லை. இந்த ஒரு வினைமுற்று தொலைந்துபோவதால்தான் அவை பிறக்கின்றன.

ஊர்ப்பெயர் விளக்கங்களில் இது மிகுதி. தரங்கம்பாடி என்றால் அலைகள் பாடும் ஊர் என்ற விளக்கம் இனிமையானது. ஆனால் அவ்வூர்க் கோயிலில் உள்ள 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பாண்டியர் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்று குறிப்பிடுகிறது. பெயருக்குப் பொருள் சொல்வதற்கு முன், அப்பெயர் எழுத்தில் முதன்முதல் எந்த வடிவத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்வதால் மக்கள் வழக்கிலுள்ள கதையை நான் இழிவுபடுத்தவில்லை. கதையும் ஒரு சான்றுதான். ஊர் பிறந்த காலத்தைப் பற்றிய சான்றாக அது இல்லாவிட்டாலும், அந்தக் கதையைச் சொன்ன மக்கள் தங்கள் ஊரை எப்படிக் காண விரும்பினார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. எது எதற்குச் சான்று என்பதைப் பிரித்து வைத்துக்கொண்டால் எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

அறிவியல் முறையில் கணித்த காலத்தையும் இப்படியே கேட்க வேண்டும். வில்லார்டு லிபி 1940களின் இறுதியில் உருவாக்கிய கரிமக் காலக்கணிப்பு, ஒருகாலத்தில் உயிரோடு இருந்த மரம், எலும்பு, தானியம் போன்றவற்றின் வயதைச் சொல்லும். கல்லின் வயதையோ, அதில் எழுத்து வெட்டப்பட்ட காலத்தையோ அது சொல்லாது. அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலத்தை அதே குழியில் கிடைத்த பானை ஓட்டுக்கும் பொருத்துவது, இரண்டும் ஒரே மண்ணடுக்கில் கலையாமல் கிடந்தன என்ற உறுதியைப் பொறுத்தது.

ஒரே கல்வெட்டை இருவர் இரண்டு விதமாகப் படிக்கிறார்களே, அது எப்படி?

பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் எழுத்தளவில் வேறுபடுவதில்லை. ரகரமும் நெடிலைக் காட்டும் காலும் ஒரே வடிவில் இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. இவற்றோடு கல் பொரிந்தும் சுண்ணாம்பு பூசப்பட்டும் போயிருந்தால் ஒரு வரியை இரண்டு விதமாகப் படிக்க இடமுண்டு. இருவரில் ஒருவர் திறமையற்றவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சங்கம் ஏற்பாடு செய்யும் களப்பயணத்தில் மைப்படி எடுப்பதைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால் தவறவிட வேண்டாம். முதலில் கல்லின்மேல் உள்ள தூசியையும் பாசியையும் நீரும் தூரிகையும் கொண்டு மெல்ல நீக்குவார்கள். நனைத்த தாளைச் சுருக்கமின்றிக் கல்லின்மேல் பரப்பி, கெட்டியான மயிர்த்தூரிகையால் ஒரே சீராகத் தட்டுவார்கள். தட்டத் தட்டத் தாள் எழுத்தின் குழிக்குள் இறங்கும். ஒன்றுமே தெரியாதிருந்த கல்லில் வரிகள் மெல்ல எழும்பி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். தாள் சற்று உலர்ந்ததும் மை தோய்ந்த ஒத்தியால் ஒற்றுவார்கள். குழிந்த எழுத்தில் மை படாது. கருந்தரையில் வெள்ளெழுத்தாக முழு வாசகமும் நிற்கும். தட்டும் கை ஓரிடத்தில் தளர்ந்தால் அந்த எழுத்து மங்கும். ஒரு வரியைப் படிப்பதற்குள் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை அன்று பார்த்தவர்கள், பிறகு எந்த உரையிலும் கல்வெட்டு என்ற சொல்லை அலட்சியமாகக் கேட்க மாட்டார்கள். பயிற்சியில்லாமல் இதைத் தனியே செய்து பார்க்க முயலக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தொல்லியல் துறையின் அனுமதியும் வேண்டும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் கூடாது.

கேள்வி நேரத்தில் எப்படிக் கேட்பது? தவறாகக் கேட்டுவிடுவோமோ என்று தயக்கமாக இருக்கிறது.

தயக்கம் வேண்டாம். கேள்வி ஒன்றாகவும் சுருக்கமாகவும் இருக்கட்டும். ‘ஐயா, இதை எந்த ஆவணத்தில் பார்த்தீர்கள்?’ என்பது எக்காலத்துக்கும் நல்ல கேள்வி. ‘அம்மா, அந்த ஆவணத்தை எழுதியவர் நிகழ்ச்சியை நேரில் கண்டவரா?’ என்பது அதைவிட நல்ல கேள்வி. கேள்வி என்ற பெயரில் தனி உரை நிகழ்த்துவது மற்றவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. சொல்ல வேண்டியது நிறைய இருந்தால் செயலாளரிடம் சொல்லி வேறொரு மாதம் மேடை கேளுங்கள்.

பேச்சாளர் சொன்னது தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், உங்கள் கையிலுள்ள சான்றைச் சொல்லி, ‘இதை எப்படிப் பொருத்துவது?’ என்று கேளுங்கள். நான் ஒருமுறை உரையாற்றியபோது, ஒரு கட்டடத்தின் முகப்பில் பதித்த கல்லிலிருந்த ஆண்டை அது கட்டப்பட்ட ஆண்டாகச் சொல்லிவிட்டேன். அக்கல் பிற்காலத்தில் முகப்பைப் புதுப்பித்தபோது வைத்தது என்பதை ஒருவர் பழைய படம் ஒன்றைக் காட்டி, மிகுந்த மரியாதையோடு எடுத்துரைத்தார். அந்தப் படத்தின் படி ஒன்றையும் எனக்குத் தந்தார். என் கட்டுரை திருந்தியது அவரால்தான்.

என் முன்னோரைப் பற்றியோ என் சமூகத்தைப் பற்றியோ பேச்சாளர் நான் கேட்டறிந்ததற்கு மாறாகச் சொன்னால் என்ன செய்வது?

மனம் புண்படுவது இயல்பு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவையில் கேட்க வேண்டியது சான்றைத்தான். பழைய ஆவணங்களைப் பெரும்பாலும் எழுதியவர்கள் நிலமும் அதிகாரமும் உடையவர்கள், அல்லது அவர்களுக்காக எழுதியவர்கள். உழுதவர், ஏரி வெட்டியவர், துணி நெய்தவர், விற்கப்பட்டவர் ஆகியோர் அவற்றில் பெயரின்றியோ மற்றவர் வைத்த பெயரோடோதான் வருகிறார்கள். ஆகவே ‘ஆவணத்தில் அப்படித்தான் இருக்கிறது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடாது; யார், யாருக்காக, எதற்காக எழுதினார்கள் என்ற கேள்வி எப்போதும் திறந்தே இருக்கிறது. அதைக் கேளுங்கள். அதே அளவுகோலை நமக்கு இனிமையாக இருக்கும் செய்திக்கும் வைத்துப் பாருங்கள். பெருமை தரும் செய்தி என்பதற்காகச் சான்றில்லாமல் கைதட்டி ஏற்கப்பட்டதை நான் பல அவைகளில் கண்டிருக்கிறேன். அது என்னை வருத்தியிருக்கிறது.

உரையைப் பதிவு செய்யலாமா? படம் எடுக்கலாமா?

பேச்சாளரிடமும் செயலாளரிடமும் முன்கூட்டிக் கேளுங்கள். வெளியிடாத ஆய்வு முடிவுகளையும், பிறர் நம்பிக்கையோடு தந்த குடும்பப் படங்களையும் பலர் உரையில் பயன்படுத்துகிறார்கள். திரையிலுள்ளதைக் கைப்பேசியில் எடுத்து எங்கும் பகிர்வது அந்த நம்பிக்கையைக் கெடுக்கும். இணையவழி ஒளிபரப்பு இருந்தால் வர இயலாதவர்களுக்கு அது பெரிய உதவி. வர இயன்றவர்கள் நேரில் வருவதே நல்லது.

வீட்டில் பழைய ஓலைச்சுவடி, செப்பேடு, பத்திரம், புகைப்படம் இருக்கிறது. கூட்டத்துக்குக் கொண்டுவரலாமா?

முதலில் அதைப் பற்றிச் செயலாளரிடம் சொல்லுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினாலே போதும். மூலத்தை நெரிசலில் கையிலிருந்து கைக்கு மாற்றுவது நல்லதன்று. தக்கவர் பார்க்கும் வரை எதையும் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு. ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்கக் கூடாது. செப்பேட்டைப் பளபளப்பாக்கத் தேய்க்கக் கூடாது, எழுத்து தேயும். ஏடுகளைக் கோத்த வளையத்தை அறுக்கவும் கூடாது; அதிலுள்ள முத்திரையும் ஏடுகளின் வரிசையும் சான்றின் பகுதி. கிழிந்த பத்திரத்துக்கு ஒட்டுநாடா ஒட்டுவதும், நெகிழித்தாளில் சூடாக்கி மூடுவதும் திரும்பச் சரிசெய்ய முடியாத கேடுகள். புகைப்படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால் யார், எங்கே, எப்போது என்று ஓரத்தில் எழுதுங்கள். அதை இன்றே செய்யுங்கள், ஏனென்றால் படத்தில் இருப்பவர்களை இனங்காணக் கூடியவர் வீட்டில் பெரும்பாலும் ஒருவர்தான் எஞ்சியிருப்பார்.

இந்தியாவில் சட்டமும் உண்டு. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி 100 ஆண்டுக்குக் குறையாத சிற்பம், நாணயம் போன்றவையும், 75 ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளும் தொல்பொருள்கள் ஆகும். அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது. வீட்டு ஆவணத்தைக் காட்டினால் யாராவது பறித்துக்கொள்வார்களோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. சங்கத்துக்கு அப்படிப்பட்ட அதிகாரம் எதுவும் இல்லை. படியெடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே விட்டுவிடுவதுதான் நல்ல சங்கத்தின் வழக்கம்.

என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை. நினைவு மட்டுமே இருக்கிறது. அது பயன்படுமா?

பயன்படும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்சு 1948இல் தொடங்கிய பணிக்குப் பிறகு, வாய்மொழி வரலாறு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஆண்டும் தேதியும் நினைவில் பிறழலாம். ஆனால் கிணற்றில் யார் யார் நீர் எடுக்க முடிந்தது, பஞ்ச காலத்தில் எதைத் தின்றார்கள், பள்ளிக்கூடத்தில் யார் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதையெல்லாம் எந்தப் பதிவேடும் முழுமையாகச் சொல்லாது. சங்கத்தில் ஒலிப்பதிவு செய்யும் குழு இருந்தால் உங்கள் வீட்டு முதியவரை அவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். பேசுபவரின் சம்மதம் வேண்டும்; எந்தப் பகுதியை வெளியிடக் கூடாது என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு.

உறுப்பினர் ஆனால்தான் வரலாமா? குழந்தைகளை அழைத்து வரலாமா?

பெரும்பாலான சங்கங்களில் சொற்பொழிவு எல்லாருக்கும் பொதுவானது. சந்தா கட்டினால் இதழும் களப்பயணமும் கிடைக்கலாம். அது சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளை அழைத்து வரலாம், முதலில் களப்பயணத்துக்கு அழைத்து வருவது இன்னும் நல்லது. காது மந்தமானவர்கள் முன்வரிசையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சில மாதங்கள் வர முடியாமல் போனால் தொடர்பு விட்டுப்போகுமா?

ஒவ்வொரு உரையும் தனித்தனிப் பொருள் என்பதால் விட்டுப்போகாது.

நானே ஒருநாள் உரையாற்ற முடியுமா?

முடியும். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தவர்களிடம் நான் வலியுறுத்திக் கேட்பதும் அதையே. ஊர் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் நாள்தோறும் கடந்து செல்லும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பாலம், ஒரு பள்ளி, மூடிப்போன ஓர் ஆலை, ஒரு சுமைதாங்கிக் கல். அதைப் பற்றிப் பழைய நில அளவைப் படத்தில் என்ன இருக்கிறது, பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கில் அந்த ஊர் எப்படி வருகிறது, அருகில் வாழ்ந்த முதியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மூன்று வழிகளில் தேடுங்கள். மூன்றும் ஒத்துப்போகாத இடத்தை மறைக்காமல் அவைக்கு முன் வையுங்கள். அந்த இடத்தில்தான் அவையிலிருந்து ஒருவர் எழுந்து, ‘எங்கள் வீட்டில் ஒரு தாள் இருக்கிறது’ என்று சொல்வார். தலைப்பையும் நான்கைந்து வரிச் சுருக்கத்தையும் இரண்டு மாதங்களுக்கு முன்பாகச் செயலாளரிடம் கொடுத்தால், அடுத்த அழைப்பிதழ்களுள் ஒன்றில் உங்கள் பெயர் இருக்கும்.